கையைப் பின்னால் கட்டிய படங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சனசமூக நிலையத்துத் தகரக் கூரைக்குக் கீழே, சித்திர வகுப்பு என்று ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறேன். இருபது பிள்ளைகள் வருவார்கள், மழை என்றால் எட்டு. போன மாதம் ஒருநாள் எதுவும் தயார்பண்ணாமல் போய்விட்டதால், "உங்கள நீங்களே வரைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் தாள்கள் வந்தன. பையன்கள் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தார்கள்: கிரிக்கெட் மட்டை, போன், ஒருவன் ஆட்டோவின் ஹேண்டில். பெண் பிள்ளைகள் படத்தில் பாடசாலை வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், ரிப்பன், காதுத் தோடு எல்லாம் அச்சு அசலாக இருந்தன, கை மட்டும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று கேட்டேன். "கை வரைய வராது டீச்சர், அதான் பின்னால கட்டிட்டேன்" என்றாள் ஒருத்தி.

நியாயமான பதில்தான். ஆனால் பையன்களுக்கும் கை வரைய வராது. ஐந்து வாழைப்பழத்தை ஒட்டவைத்த மாதிரி ஒன்றைப் போட்டு, அதற்குள் மட்டையைச் செருகியிருந்தார்கள், அவ்வளவுதான். வராத கையைக் கூசாமல் காட்ட அவனுக்கு முடிகிறது, இவளுக்கு முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடித்த பெண் ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்த படங்களை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும். ஏறத்தாழ ஐந்நூறு வருடக் கதை அங்கேதான் இருக்கிறது. பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தந்தக் காலம் கேட்டதை முகமும் உடையும் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பெண் உண்மையில் என்ன வேலை செய்தாள், அதை எவ்வளவு தூரம் வெளியே காட்ட விட்டார்கள் என்பதைக் கைதான் சொல்கிறது.

முதலில் தொழில் சம்பந்தமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடும். கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைகிறவருக்கு ஆகக் கஷ்டமான பகுதி, தூரிகை பிடித்த கைதான். முகம் அசையாமல் இருக்கும், இந்தக் கை ஓடிக்கொண்டே இருக்கும், அதை வரைய வேண்டியதும் அதே கைதான். அதோடு கண்ணாடி வலத்தை இடமாக்கிவிடும், அதைத் திருத்திப் போட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த கண்ணாடிகளும் சின்னவை, முகமும் தோளும் தெரிந்தால் பெரிய காரியம். ஆகவே ஆண் ஓவியர்களும் கையை ஒளித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், இவ்வளவு சிரமப்பட்டு, தூரிகையும் வர்ணத் தட்டுமாகத் தன் கையை வரைந்துவைத்த பெண்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். அவர்களுக்கு அது அலங்காரம் இல்லை, சாட்சி. "இதை நான்தான் வரைந்தேன், அப்பா வரையவில்லை, அண்ணன் வரையவில்லை" என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

காத்தரினா வான் ஹெமெஸ்ஸன் 1548இல் வரைந்த சின்னப் படம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருக்கிறது. ஓவியத் தாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற ஓவியரைக் காட்டும் மிகப் பழைய தன்னுருவப் படங்களில் அது ஒன்று, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படத்திலேயே லத்தீனில் எழுதியிருக்கிறார்: காத்தரினாவாகிய நான் என்னை வரைந்தேன், 1548, வயது 20. நான், என்னை, வரைந்தேன் என்று மூன்றையும் சேர்த்து எழுதவேண்டிய அவசியம் ஒரு பெண்ணுக்குத்தான் வரும். சட்டையின் கை கனத்த சிவப்பு வெல்வெட், அதைப் போட்டுக்கொண்டு எந்த மனுஷியும் எண்ணெய் வர்ணத்தைத் தொடமாட்டாள். ஆறு வருடத்தில் அவருக்குக் கல்யாணமானது. அதற்குப் பிறகு வரைந்தார் என்று உறுதியாகச் சொல்ல ஒரு படமும் கிடைக்கவில்லை.

இந்த விஷயத்தில் அவர் தனியாள் இல்லை. ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்து ஜூடித் லைஸ்டர் 1630 வாக்கில் வரைந்த தன் படத்தில் நாற்காலியில் சாய்ந்து, வாய் திறந்து, யாரோ வந்ததைப் பார்த்துத் திரும்பிச் சிரிக்கிற மாதிரி இருப்பார், கையில் ஒரு கட்டுத் தூரிகைகள். 1633இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார், 1636இல் இன்னொரு ஓவியரைக் கட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு படங்கள் மிகக் குறைவு. அவர் செத்த பிறகு அவருடைய வேலைகள் பல ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஆண் ஓவியரின் பெயருக்குப் போய்விட்டன. ஹால்ஸ் என்று நம்பப்பட்ட ஒரு படத்தில் லைஸ்டரின் சொந்த அடையாளக் குறி இருப்பதை 1893இல்தான் கண்டுபிடித்தார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாகப் பறித்த கொழுந்தை இன்னொருத்தர் பெயரில் நிறுத்துவைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் கிரெமோனாவில் பிறந்த சோஃபோனிஸ்பா ஆங்குவிஸ்ஸோலா இன்னும் சாமர்த்தியசாலி. 1556இல் வரைந்த படமொன்றில் தூரிகையோடு உட்கார்ந்து, குழந்தை இயேசுவை மாதா கொஞ்சுகிற ஓவியத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். உடை கறுப்பு, நகையே கிடையாது, பக்தியான விஷயம், யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் தூரிகை பிடித்த கை படத்துக்கு நடுவில். அதற்கு இரண்டு வருடம் முந்திய இன்னொரு படத்தில் கையிலுள்ள சின்னப் புத்தகத்தில் தன் பெயரோடு 'கன்னி' என்றும் எழுதியிருக்கிறார். ஆண் ஓவியர் யாரும் தன் பெயருக்குப் பக்கத்தில் பிரமச்சாரி என்று எழுதிவைத்ததாக நான் பார்த்ததில்லை.

அந்தக் 'கன்னி' என்ற சொல் எதற்கு என்பது லவினியா ஃபொன்தானாவிடம் வரும்போது நன்றாக விளங்கும். எனக்கு மிகவும் பிடித்த படம் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். பொலோஞ்ஞா நகரம், 1577. லவினியாவுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்ணின் படம் வேண்டும். இங்கே என்ன செய்வோம்? ஹட்டனுக்கு பஸ் ஏறி, ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையை நாற்காலியில் வைத்துக்கொண்டு எடுத்து, சாதகத்தோடு சேர்த்துக் கொடுப்போம். லவினியா தானே வரைந்து அனுப்பினார். படத்தில் அவர் நல்ல சிவப்பு உடை, சரிகை, பவளமாலை, இரண்டு கையும் இசைப்பெட்டியின் கட்டைகளில். பின்னால் வேலைக்காரி பாட்டுத் தாளோடு வருகிறாள். சங்கீதம் தெரிந்த குடும்பப் பெண், எந்த மாமியாருக்குத்தான் பிடிக்காது? மேலே லத்தீன் எழுத்து: புரோஸ்பெரோ ஃபொன்தானாவின் மகள், கன்னி லவினியா, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைந்தாள்.

இனி அறையின் கடைசிக்குப் பாருங்கள், ஜன்னல் வெளிச்சத்தில். ஓர் ஓவியத் தாங்கி நிற்கிறது, அதற்குக் கீழே கல்யாணச் சீதனப் பெட்டி. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கொண்டுவரும் சீதனம் இந்தத் தொழில்தான் என்கிறார், ஆனால் முன்னால் நின்று சொல்லவில்லை, அறையின் மூலையில் சின்னதாக வைத்துச் சொல்கிறார். அது வேலையும் செய்தது. மாப்பிள்ளை ஜான் பவுலோ ஸாப்பி, பெண் வீட்டிலேயே வந்து தங்குவதற்கும் அவர் ஓவியத் தொழிலைத் தொடர்வதற்கும் ஒத்துக்கொண்டார், பிறகு அவருடைய ஓவியக்கூடத்தில் உதவியாளாகவே இருந்தார். லவினியா பதினொரு பிள்ளை பெற்றார், மூன்றே பேர்தான் அவருக்குப் பிறகும் இருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் குடும்பத்தை நடத்திய வருமானம் அவருடைய தூரிகையில்தான் வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை, சம்பாதிக்கிற மனைவி. நம்மூரில் இன்றைக்கு அப்படி ஒரு வீடு இருந்தால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு வருடத்துக்குப் பேச்சு.

சரி, பெண்கள் ஏன் இவ்வளவு அதிகமாகத் தங்களையே வரைந்தார்கள்? தற்பெருமை, அழகில் மயக்கம் என்றெல்லாம் சொல்வார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமானது: வேறு ஆள் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் பெரிய ஓவியன் ஆவதற்கு வழி, ஆடையில்லாத மனித உடலை முன்னால் நிறுத்திப் பார்த்து வரைந்து பழகுவது. அந்த வகுப்புக்குள் பெண்களை விடவில்லை. லண்டனில் 1768இல் ரோயல் அக்கடமி தொடங்கியபோது நிறுவிய உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஆஞ்செலிகா கவுஃப்மன், மேரி மோஸர். அந்த உறுப்பினர்கள், மாதிரிக்கு நிற்கும் ஆடையில்லாத ஆணைச் சுற்றி நிற்கிற குழுப்படமொன்றை ஸொஃபனி என்ற ஓவியர் 1771-72இல் வரைந்தார். இந்த இருவரையும் அங்கே நிற்கவைக்க முடியாது, விடவும் முடியாது. என்ன செய்தார்? சுவரில் தொங்கும் இரண்டு உருவப்படங்களாக அவர்களைப் போட்டுவிட்டார். ஓவியர்கள் இருவரும் ஓவியங்களாகிப் போனார்கள். நம் மாசி மாதக் காமன் கூத்தில் வழமையாக ரதி வேஷம் கட்டுவது ஆண்தானே, அந்த ஞாபகம்தான் எனக்கு வரும்: ரதி நடுவில் ஆடுவாள், பெண்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

அந்த இருவருக்கும் பிறகு ஒரு பெண்ணை முழு உறுப்பினராக எடுக்க 1936 ஆனது, லோரா நைட். அதே நைட் 1913இல் தன்னை எப்படி வரைந்தார் தெரியுமா? பார்க்கிறவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தொப்பியும் சிவப்பு மேலாடையுமாக, கையில் தூரிகை. முன்னால் மாதிரிக்கு ஆடையில்லாத பெண் ஒருத்தி நிற்கிறாள், பக்கத்தில் அதே உருவம் பாதி வரைந்த திரையில். மாணவியாக இருந்த காலத்தில் தனக்கு மூடியிருந்த வகுப்பை வீட்டிலேயே நடத்திக் காட்டிவிட்டார். அக்கடமி அதைக் கண்காட்சிக்கு ஏற்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சங்கதி 'மென்மையான விரல்'. பெண்களுக்குப் பெரிய சரித்திர ஓவியம் சரிவராது, பூக்கள், யானைத் தந்தத்தில் தீட்டும் சின்ன உருவங்கள், பாஸ்டல் இவைதான் அவர்களுடைய நுணுக்கமான விரலுக்குப் பொருத்தம் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகச் சொன்னார்கள். இதே வசனத்தை நான் சின்ன வயதிலிருந்து மலையில் கேட்டிருக்கிறேன். கொழுந்து எடுக்கப் பொம்பளை விரல்தான் சரி, ரெண்டு இலையும் ஒரு மொட்டும் நோகாமல் வரும், செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்கு ஆம்பிளை. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த விரல் காலையிலிருந்து மழையிலும் வெயிலிலும் மட்டத்துக்கு மேல் ஓடி, படங்குச் சாக்கும் கூடையுமாகச் செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குகிறது, அதில் மென்மை எங்கே இருக்கிறது? மென்மை என்று பெயர் வைத்தால் கூலியைக் குறைக்கலாம், அதுதான் விஷயம். ஆண் பெயருக்கு ஒரு கூலி, பெண் பெயருக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றிருந்தது இங்கே சமமானது 1984இல். பாரிஸிலும் மென்மையான விரலுக்கு அளவு வைத்திருந்தார்கள். அரச ஓவியக் கழகத்தில் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் கூடாது.

அந்த நாலு இடத்தில் இரண்டை 1783இல் ஒரே நாளில் பிடித்தவர்கள் எலிசபெத் விஜே லெ ப்ரனும் அடலாய்ட் லாபில்-கியாரும். பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், இரண்டு பொம்பளைகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லாபில்-கியார் 1785இல் ஆளுயரத்துக்கு மேல் ஒரு படம் போட்டார்: நீலப் பட்டு உடை, இறகு வைத்த தொப்பி, கையில் தூரிகை, பின்னால் தன் மாணவிகள் இருவர் எட்டிப் பார்க்கிறார்கள். நான்கு பேருக்கு மேல் கூடாதென்றால், இதோ ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் என் பின்னால் நிற்கிறார்கள் என்று அந்தப் படம் சொல்வதாகத்தான் நான் வாசிக்கிறேன். விஜே லெ ப்ரன் வேறு வழியில் போனார். 1787 கண்காட்சியில் மகள் ஜூலியை மடியில் கட்டிப்பிடித்த படம். கையில் தூரிகை இல்லை, பிள்ளை. நல்ல தாய் என்ற உருவத்துக்கு அப்போது பிரான்ஸில் மவுசு, அரசிக்கு வேண்டப்பட்டவர் என்பதால் தன்னைப் பற்றி ஓடிய வதந்திகளுக்கு அது நல்ல மருந்தும்கூட. இருந்தும் பிரச்சினை வந்தது. எதனால் என்றால், லேசாக வாய் திறந்து பல் தெரியச் சிரித்துவிட்டார். அதைப் பெரிய முறைகேடாக எழுதினார்கள். "பல்லக் காட்டாத" என்று நம் பாட்டிகள் சொன்னதை வெர்சாய் அரண்மனைப் பக்கத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் மேரி பீல் இதற்கெல்லாம் நூறு வருடம் முந்தியவர். அவருடைய படத்தில் அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார், கை ஒரு சின்னத் திரையைப் பிடித்திருக்கிறது, அதில் தன் இரண்டு மகன்களின் அரைகுறை முகங்கள். பிள்ளையும் வேலையும் ஒரே கையில், எதையும் கீழே போடவில்லை. கணவர் சார்ல்ஸ் வர்ணம் தயாரித்துக் கொடுத்து, யார் படம் வரைய வந்தார்கள், எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்று குறிப்பேடும் எழுதிவந்தார். செக்ரோல் (தோட்டத்துப் பெயர்ப் பதிவேடு) எழுதிய கணக்கப்பிள்ளை என்று அவரை நான் செல்லமாகச் சொல்வதுண்டு.

கை என்று பேசிக்கொண்டு ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியை விட்டுவிட முடியாது. 1612இல் ரோமில், தன்னைப் பலாத்காரம் செய்த ஓவியன் அகொஸ்தினோ தாஸிக்கு எதிரான வழக்கில், சொல்வது உண்மைதானா என்று சோதிக்க அவருடைய விரல்களைக் கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள். குற்றவாளியின் விரலை அல்ல, சாட்சி சொன்ன ஓவியப் பெண்ணின் விரலை. அதே விரல்களை அவர் 1638-39 வாக்கில் இங்கிலாந்தில் வைத்து வரைந்தார். தலைப்பு: ஓவியக்கலையின் உருவமாகத் தன் படம். அந்தக் காலத்தில் ஓவியக்கலை என்றால் அதற்கு ஒரு பெண் உருவம் உண்டு, நம் கல்விக்குச் சரஸ்வதி மாதிரி. எப்படி வரைய வேண்டும் என்று ரீபா என்பவர் எழுதிய கையேடே இருந்தது: கலைந்த கூந்தல், கழுத்துச் சங்கிலியில் முகமூடி, நிறம் மாறும் பட்டு, அப்புறம் வாயைச் சுற்றிக் கட்டிய துணி. ஓவியம் பேசாது, அதற்காகத் துணி. ஆர்ட்டெமிசியா மற்ற எல்லாவற்றையும் போட்டார், வாய்த்துணியை மட்டும் போடவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி வேலை செய்கிறார். நம்மைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோணத்தைப் பிடிக்க ஒரு கண்ணாடி போதாது, இரண்டாவது வைத்திருக்க வேண்டும். எந்த ஆண் ஓவியனும் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்தப் படத்தைப் போட்டிருக்க முடியாது, ஏனென்றால் 'ஓவியக்கலை' பெண், அவன் ஆண். அடையாளமாக மட்டும் பெண்ணை வைத்திருந்த ஒரு ஏற்பாட்டை எடுத்து, அடையாளமும் நான்தான், தொழிலாளியும் நான்தான் என்று ஆக்கிவிட்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தேயிலைப் பெட்டிதான் கண்ணுக்கு முன்னால் வரும். சிரிக்கிற பெண், நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை, பின்னால் பச்சை மலை. பெட்டி, தபாலட்டை, உல்லாசப் பயண விளம்பரம், எங்கே பார்த்தாலும் அவள். மலையகத்துப் பெண்ணைப் போல இவ்வளவு தூரம் போன உருவம் இலங்கையில் வேறு இல்லை என்றே சொல்வேன். அவளுக்குப் பெயர் மட்டும் இல்லை. அவளும் ஓர் அடையாளம்தான், வாயில் துணி கட்டாத குறை. படத்தில் கையும் இருக்கும், ஆனால் சுத்தமான கை. கொழுந்துச் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து விரல் இடுக்கில் ஏறிய கறை இருக்காது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்குகிறதும் இதே மாதிரி நடக்கும் மாற்றம்தான், அவள் விரலில் அது முதலிலேயே நடந்துவிடுகிறது. புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

எங்கள் வகுப்பு நடக்கிற இடத்துக்குக் கொஞ்சத் தூரத்தில் பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி, ஓவியர் இல்லைதான், ஆனால் இந்தக் கதையில் அவருக்கு இடமுண்டு. சரித்திரப் பாடத்தில் வரும் வெள்ளைக்காரர் காலத்துக் கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் அந்தக் கமரன் இவருடைய கணவர், இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். ஜூலியா 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். இங்கிலாந்தில் இருந்தபோது அவர் எடுத்த படங்களில் கவிஞர்கள், விஞ்ஞானிகள், அவர்களுடைய பெயர்கள். இலங்கையில் எடுத்தவற்றில் பலருக்குப் பெயர் இல்லை. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று ஒரு தலைப்பு, அவ்வளவுதான். 1877இல் மரியான் நோர்த் என்ற தாவர ஓவியப் பெண்மணி களுத்துறையில் அவரைப் பார்க்க வந்தபோது, முடியை அவிழ்த்துவிட்டு, கஷ்மீர்த் துணியைச் சுற்றி, தென்னோலைகள் தலையில் குத்த நிற்கவைத்துப் படமெடுத்தாராம். நோர்த் அதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார். உலகம் சுற்றி வெயிலில் நின்று வரைந்த பெண்ணை, உழைக்கிற இன்னொரு பெண்ணே கனவுக் கன்னியாக்கிப் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். கமராப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறது பெண்ணாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் படங்கள் அதிகம், நான் மூன்று நான்கை மட்டும் தொடுகிறேன். ஜெர்மனியின் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் 1906 மே மாதம், தன் ஐந்தாவது கல்யாண நாளில், கணவரை விட்டுப் பாரிஸில் தனியாக இருந்தபோது, இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல் வயிறு உப்பி, கையால் வயிற்றை அணைத்தபடி தன்னை வரைந்தார். அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. கீழே எழுதிய எழுத்துகளில் கணவரின் பெயர் இல்லை, 'பி.பெ.' மட்டும், பவுலா பெக்கர். வயிற்றுக்குள் இருந்தது பிள்ளையா, தன் வேலையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அடுத்த வருடம் உண்மையிலேயே பிள்ளை பிறந்து, மூன்று கிழமைக்குள் இறந்துபோனார், வயது 31.

மெக்சிகோவின் ஃபிரிடா காலோ 1940இல் தன்னை வரைந்ததில் ஆண்களுடைய பெரிய கோட்டு சூட்டு, வெட்டிய முடி தரையெல்லாம், ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் ஒரு கற்றை. மேலே ஒரு பாட்டு வரி, உன் கூந்தலுக்காகத்தான் உன்னைக் காதலித்தேன், இப்போது கூந்தல் இல்லை, காதலும் இல்லை என்ற அர்த்தத்தில். கணவர் டியேகோ ரிவேராவோடு விவாகரத்தான சமயம். இந்தப் படத்தை வகுப்பில் காட்டிய அன்று பெரிய பிள்ளைகள் ரொம்ப நேரம் பேசவில்லை. முடி வெட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய் ஏச்சு வாங்கிய ஒருத்தி மட்டும், "டீச்சர், இவங்க கத்தரிக்கோல கீழ போடவே இல்ல பாருங்க" என்றாள். நான் கவனிக்காதது அது.

நமக்குப் பக்கத்து ஆள் அம்ரிதா ஷெர்-கில். தாய் ஹங்கேரி, தந்தை பஞ்சாபி, படித்தது பாரிஸ். 1934இல் தன்னைத் தாகிட்டித் தீவுப் பெண்ணாக வரைந்தார், ஆடையில்லாத மேலுடம்பு, பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது, கைகள் இரண்டும் முன்னால் குறுக்காகச் சும்மா கிடக்கின்றன. கோகன் என்ற பிரெஞ்சு ஓவியர் தாகிட்டிப் பெண்களை வரைந்து பெயரெடுத்ததற்கு இது ஒரு பதில். 'நீங்கள் தேடுகிற பழுப்புப் பெண் நான்தானா, பார்த்துக்கொள்ளுங்கள், வரைவதும் நான்தான்' என்கிறார். என் வகுப்புப் பிள்ளைகள் அதில் முதலில் பார்த்தது வெறும் கையைத்தான். வேலை செய்கிற கையை அந்தப் படத்தில் அவர் ஒளித்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். ஆனால் மூன்று வருடம் கழித்துத் தென்னிந்தியா போய்வந்த பிறகு அவர் வரைந்த கிராமத்து மனிதர்களின் கறுத்த, நீண்ட கைகளைப் பார்த்தால் மன்னித்துவிடலாம். 28 வயதில் லாகூரில் இறந்தார்.

எல்லாருக்கும் மேலாக நான் வைப்பது ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸை. 1919இல் பிரஷ்யக் கலைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வெளியேற்றப்பட்டவர். அந்த வருடம் கரிக்கட்டியால் போட்ட தன் படம் ஒன்று இருக்கிறது. முகம் பக்கவாட்டில், வயதான முகம், நிதானமாக வரைந்தது. முன்னால் தாளைத் தாங்கிய பலகை. இரண்டுக்கும் நடுவில் கை. தோளிலிருந்து விரல் வரை கையை அவர் வரையவே இல்லை, கரியைப் படுக்கப் போட்டு வலமும் இடமுமாக ஒரே இழுப்பில் கிறுக்கித் தள்ளியிருக்கிறார், அது கை. ஓடுகிற கையை வரைய முடியாது என்று மேலே சொன்னேனே, அந்த ஓட்டத்தையே கையாக விட்டுவிட்டார். பெண்ணுக்குரிய உடை இல்லை, நகை இல்லை, அழகு பற்றிய பேச்சே இல்லை.

இதைப் போனில் காட்டிவிட்டுத்தான் போன கிழமை மறுபடியும் தன் படம் வரையச் சொன்னேன், கை கட்டாயம் என்று. அப்போதுதான் நான் யோசிக்காத ஒரு கஷ்டம் வந்தது, கண்ணாடி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவில் இருப்பது சுவரில் மாட்டிய கையகலக் கண்ணாடி, பவுடர் போட, பொட்டு வைக்க. முகம் மட்டும்தான் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆளுயரக் கண்ணாடியை எங்கே வைப்பது? ஆகவே தங்கள் கையைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவளுடைய கையைப் பார்த்து வரைந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போய் அம்மா மலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கையைப் பார்த்து வரைந்து, அதைத் தங்கள் படத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு வயது முகம், நாற்பது வயதுக் கை. சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு "பின்னால கட்டிட்டேன்" என்றவள் இந்தத் தடவை கையை முன்னால் கொண்டுவந்திருந்தாள். பென்சிலால் போட்டு, அழித்து, போட்டு, அழித்து, வலது கை இருக்க வேண்டிய இடத்தில் தாள் பிய்ந்து ஓட்டையாகிவிட்டது. தடிப்புத் தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஹட்டனில் ஒரு கடையில்தான் கிடைக்கும், வெள்ளிக்கிழமை போகிறேன்.